இரண்டு கடுகின் எடை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குத் தராசு அக்கா என்று பெயர். எதையும் கையில் வாங்கியதுமே எடை சொல்லிவிடுவாள். பதினாறு வருடமாகத் துத்தநாக பேட்டரிக்குத் தகடு செய்கிறாள். ஒரு பக்கம் துத்தநாகம். மறுபக்கம், நிக்கலும் கோபால்ட்டும் கலந்த பொடியைக் குழைத்துப் பூசிய வட்டமான கார்பன் தாள். அது தானும் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும், தீர்ந்துபோனால் காற்றை வைத்தும் சமாளிக்கும். ஒரு கிராம் பூச்சு எவ்வளவு மின்சாரம் தாங்குகிறது என்பதில்தான் மொத்தப் பெருமையும்.

அந்த வருடம் ஒரு பூச்சு இரண்டு மடங்கு தாங்கியது. இயக்குநருக்குத் தலைகால் புரியவில்லை. திட்டத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டித்தார்கள், ஆளும் தேவைப்பட்டது. சும்மா இருந்து சும்மா இருந்து சிடுமூஞ்சியாகிப்போன தங்கை புருஷனை, பேட்டரி மூடியை அழுத்தும் வேலையில் இவள்தான் சேர்த்துவிட்டாள்.

அவன் சேர்ந்த ஐந்தாம் மாதம் ஒரு காலையில், தராசைச் சரிபார்க்கப் பூச்சில்லாத வெறும் தாளை வைத்தாள். எண்ணைப் பார்த்ததும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அந்த வருடம் வந்த புது ரோல் தாள் மெல்லியது. தாளின் எடையைக் கழித்தால்தான் பூச்சின் எடை வரும். இவளோ, எனக்குத் தெரியாத எடையா என்று பழைய எண்ணையே கழித்துவந்திருக்கிறாள். எட்டு மில்லிகிராம் பூச்சு நாலு என்று பதிவாகியிருந்தது. இரண்டு மடங்கு வந்த கதை அவ்வளவுதான்.

எதிரே தங்கை புருஷன் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி மூடி அழுத்திக்கொண்டிருந்தான். மதியம் வரை அவளால் எழுந்திருக்க முடியவில்லை.

“சார், தப்பு என்னோடது” என்றாள் இயக்குநரிடம்.

“வேற யாருக்காவது தெரியுமாம்மா?”

“தெரியாது சார்.”

“சொல்லாமலே இருந்திருக்கலாம்” என்றார். ஆனாலும் மனுஷன் மறைக்கவில்லை. திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அன்றே கடிதம் எழுதினார்.

திட்டத்தை மூடினார்கள். கடைசியாக வந்தவனை முதலில் அனுப்பினார்கள். பழைய ஆள் என்று இவளை வைத்துக்கொண்டார்கள். அதுதான் கொடுமை.

இவள் வீட்டுக்குத் தங்கை வந்தாள். “எவ்வளவுக்கா தப்பு?”

“நாலு மில்லிகிராம்.”

“நாலுன்னா?”

“ரெண்டு கடுகு இருக்கும்.”

தங்கை அலமாரி டப்பாவைத் திறந்து, இரண்டு கடுகை எடுத்து மேசையில் வைத்தாள். “இதுக்கா அவர வீட்டுக்கு அனுப்பின?”

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாள் இவள் அந்தக் கடுகைத் தாளில் மடித்து எடுத்துப்போய்த் தராசில் வைத்தாள். ஐந்தரை மில்லிகிராம் காட்டியது. இதையும் நிறுக்காமலேதான் சொல்லியிருக்கிறாள்.