ஜப்பான்காரர் இறங்கிய அண்டா

லாட்ஜில் வெந்நீர் போட்டவன் எவனும் இதை ஒத்துக்கொள்வான்: தண்ணீர் சூடாக இருந்தால் நம் பேர் யாருக்கும் தெரியாது, ஆறிப்போனால் அப்பன் பேர் வரை இழுப்பார்கள்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை விட்ட எனக்கு ஓசூரில் அந்த வேலைதான் கிடைத்தது. பொங்கல் வரை புகார் வராவிட்டால் சாவி கொடுக்கும் மேஜைக்கு மாற்றுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். விறகுப் புகையிலிருந்து தப்ப வேறு வழி இல்லை.

மிதக்கும் மூடி

மார்கழிக் குளிரில், பட்டுப்புழுப் பண்ணையைப் பார்க்க ஒரு ஜப்பான்காரர் வந்து தங்கினார். கொல்லையில் அடுப்புமேல் பதித்த பெரிய செப்பு அண்டாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. எல்லா ரூமுக்கும் அதிலிருந்துதான் மொண்டு கொடுப்பேன். ஒரு வாளி வாங்கி, மணையில் உட்கார்ந்து, காது மடல்வரை சோப்புப் போட்டுக் கழுவினார். குளியல் முடிந்தது என்று நான் விறகு எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் மனிதர் அண்டாவுக்குள் இருக்கிறார். அதன் மரமூடி அளவு குறைந்தது, தண்ணீரிலேயே மிதக்கும். அடிச்சூடு காலில் படாமலிருக்க அதைக் காலால் அழுத்தி அடியில் போட்டு, கழுத்துவரை முங்கி, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். பிறகு எழுந்து துடைத்து, மூடியைப் பழையபடி மிதக்கவிட்டு, என்னைப் பார்த்துக் குனிந்து சொன்னார்: "நெக்ஸ்ட் பெர்சன், ப்ளீஸ்."

முதலாளியின் யோசனை

அவரோடு வந்திருந்த பட்டுப்பண்ணை ஆபீசர் சாவகாசமாக விளக்கினார். அவர்கள் ஊரில் வெந்நீர் ஊற்று விடுதிகள் உண்டாம். முதலில் அழுக்குப் போகக் கழுவிக்கொண்டு, பிறகு ஒரே தண்ணீரில் எல்லோரும் முங்குவார்களாம். இதை முந்தின நாளே சொல்ல வாய் வலித்ததா அவருக்கு?

கொட்டிவிட்டு வேறு தண்ணீர் சேந்துகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். முதலாளி அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். "சும்மா இர்றா. நம்ம கஸ்டமருங்களை விட அவரு சுத்தம். மொண்டு ஊத்து."

ராயக்கோட்டை வியாபாரி

இரண்டாவது வாளியை நான் நீட்டும்போது தக்காளி வியாபாரி ஒருவர் கேட்டார். "ஏம்பா, ஜப்பான்காரன் முங்கின தண்ணின்னு பேசிக்கறாங்களே, நெசமா?"

நேராகக் கேட்டார், ஆமாம் என்றேன். ஈரத்துண்டோடு போய் முதலாளியிடம் கத்தினார். முதலாளி கூசாமல், "பையன் என்னைக் கேக்காம ஊத்திட்டானுங்க" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வியாபாரி எதிரிலேயே சொன்னேன்: "நீங்க சொல்லித்தானே முதலாளி ஊத்துனேன்?"

வியாபாரி அப்போதே ரூமைக் காலி செய்தார். பொங்கல் கழிந்ததும் மேஜையில் முதலாளியின் மச்சான் உட்கார்ந்திருந்தான். நான் போய் நின்றேன். முதலாளி தலை நிமிராமல் சொன்னார்: "அந்த எடத்துக்கு உன் வாய் ஆகாதுடா."

அண்டா விஷயத்தில் அழுக்கைக் கழுவிவிட்டு வந்தவர் அந்த ஜப்பான்காரர் ஒருத்தர்தான், அவரைச் சொல்லித்தான் லாட்ஜே சிரிக்கிறது, நான் இன்னும் அடுப்பு ஊதுகிறேன்.