ரெஜினா சம்மதம் சொல்லவில்லை

ரெஜினா இறந்துவிட்டாள் என்று கோவளத்திலிருந்து தொலைபேசியில் சொன்னவரே, "பெத்த புள்ளயைச் சுடச் சம்மதிச்சவ, பாவம்" என்றும் சொன்னார். அது பொய். அடக்கத்துக்கு வந்தவர்களும் அதையே பேசியதால், அவளை அறிந்தவர்களுக்கு இதை எழுதுகிறேன்.

கோவளம் பேருந்து நிறுத்தத்தின் அருகே அவள் சிற்றுண்டிக் கடை வைத்திருந்தாள். கான்வென்ட் பள்ளியில் ஆசிரியையாக இருந்த எனக்கு, கணவர் மறைந்தபின், செங்கல்பட்டுக்குக் குடிபெயரும் வரை, காலை உணவு அங்கேதான். சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஒருநாள் சொன்னேன். "ஏம்மா, உங்க கான்வென்ட்டுல உப்பே போட மாட்டாங்களா? துன்னுட்டுப் பேசு" என்றாள். அந்த ஊரில் என்னை நீ என்று அழைத்தவள் அவள் ஒருத்திதான். நான் திருத்தவில்லை.

அவள் மகன் அந்தோணி சரக்குக் கப்பலில் வேலை செய்தான். கடற்கொள்ளையர் அக்கப்பலைப் பிடித்து, ஊழியர்களைப் பிணையாக வைத்திருந்தார்கள். ஒருநாள் காலை அரசு அதிகாரி ஒருவர் அவளைத் தொலைபேசியில் அழைத்தார். அவள் கையெல்லாம் மாவு. ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தியது நான்.

"கமாண்டோக்களை அனுப்பலாமான்னு மேலிடத்துல யோசிக்கறாங்கம்மா. குடும்பத்துக்கு ஆட்சேபணை இல்லைன்னா உத்தரவு போட்டுடுவாங்க."

"இன்னா சார், மந்திரி மேலிடத்துல கீறவரா நானா? அங்க கடல்ல நின்னுகினு கீறாரே நேவி ஆபீசரு, அவரைக் கேளு. முடியுமா முடியாதான்னு அவரு சொல்லுவாரு. உத்தரவு போடறது உங்க வேலை. போட்டா உங்க பேருல போடு. என் பேருல போடாத."

"அப்ப ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக்கட்டுமா?"

"எழுதாத."

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

கடற்படைக் கப்பல் கண்ணுக்கெட்டும் தூரத்தில் உத்தரவுக்குக் காத்து நின்றதை உயிருடன் திரும்பியவர்கள் பிறகு சொன்னார்கள். உத்தரவு வந்தபோது கொள்ளையர் எச்சரிக்கையாகிவிட்டிருந்தனர். பிணைக்கைதிகளைத் தங்களுக்கு முன்னால் நிறுத்திக்கொண்டார்கள். பலர் மீட்கப்பட்டனர். அந்தோணியும் கடப்பாக்கத்துச் சரசுவின் மகனும் துப்பாக்கிச் சண்டையில் இறந்தார்கள். குடும்பங்களின் ஒப்புதலோடுதான் நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று தொலைக்காட்சியில் அறிவித்தார்கள்.

சரசு பேருந்தேறி வந்து, கடை வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள்.

"என்னை ஒருத்தரும் கேக்கல. உன்னைக் கேட்டாங்களாமே. நீ சரின்னியாமே."

"என் புள்ளயும் அதே கப்பல்லதாண்டி இருந்தான். நான் ஏன் சொல்லப் போறேன்?"

நான் சாட்சி சொல்ல எழுந்தேன். சரசு என்னைப் பார்த்து, "நீ இவ கடையில துன்றவதானே" என்றாள். ரெஜினா தண்ணீர் கொடுத்தாள். சரசு வாங்காமல் போய்விட்டாள். இப்போது ரெஜினாவின் அடக்கத்துக்கும் வரவில்லை.

படைக்கு அரசு உத்தரவிடக் கூடாது என்று ரெஜினா ஒருநாளும் வாதிட்டதில்லை. "அவங்கதான் சொல்லணும். ஓட்டுக் கேக்க வரும்போது கேள்வி கேக்க ஒரு ஆளு வேணாமா?" என்பாள். பாரத்தைப் பெற்றவள் தலையில் இறக்கியதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. விளக்கம் கேட்டு அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய மனுக்களுக்குப் பதில் வரவே இல்லை.

"எழுதாத" என்ற அந்த ஒரு சொல் இன்னும் அவள் குரலிலேயே என் காதில் இருக்கிறது. அதைக் கேட்டவர்களில் நானும் அந்த அதிகாரியும்தான் மிச்சம்.

இதைப் படிக்கும் பொறுப்பானவர்களுக்கு: அன்று உத்தரவிட்டவர் யார், ரெஜினா சம்மதித்ததாகக் குறித்தவர் யார் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். பதிலைச் சரசுவுக்கு அனுப்புங்கள். தமிழில் எழுதுங்கள்.