பாய் பார்க்காத பிறை

மூட்டம் விலகிய அந்த அரை நிமிடத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. கொடைக்கானலில் நான் இயற்பியல் ஆசிரியர். பாய் கடைத்தெருவில் கம்பளி விற்றவர். எங்களுக்குள் பல வருட வழக்கு ஒன்று இருந்தது. கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று நான் சீண்டுவேன். "அணுவ நீங்க பாத்தீங்களாக்கும்?" என்பார், ஸ்வெட்டரை மடித்தபடியே. அணுவுக்குச் சான்று இருக்கிறது, உங்கள் ஆளுக்கு எங்கே சான்று என்பேன். தேநீர் ஆறிப்போகும், வழக்கு தீராது.

அந்த வருடம் நோன்பின் இருபத்தொன்பதாம் நாள், பாய் ஒரு நிலையில் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்க்கும் மருமகன் மறுநாள் இரவு விமானம் ஏற வேண்டும். அன்று மாலை பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. பெருநாளுக்கு மருமகன் இருக்கமாட்டார். நான் கணக்குப் போட்டு, எந்த மலைமுகட்டுக்கு மேலே எத்தனை மணிக்குப் பிறை நிற்கும் என்று சொல்லிவிட்டேன். செண்பகனூரில் என் வீட்டு மொட்டைமாடியில் பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்துவிட்டு, அவர் மேற்கே பார்த்து நின்றார். ஒரே வெள்ளை மூட்டம்.

திடீரென்று அது விலகியது. சொன்ன இடத்தில், சொன்ன நேரத்தில், நகக்கீறல்போல் பிறை! "அந்தா பாய், அந்தா!" என்று குதித்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் மறுபடியும் மூடிக்கொண்டது. பாய் பள்ளிவாசலுக்குப் போன் போட்டார். "இல்லைங்க, நான் பாக்கலை."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாந்தான் பாத்தேன்ல? என்னைய நம்புங்க பாய்!"

"உங்கள நம்பாம என்ன சார். ஆனா நான் சாட்சி சொல்லணும்னா என் கண்ணு பாத்திருக்கணும்ல?"

"மருமகன் போயிருவாரே!"

"போனாப் போறாரு. அதுக்காகப் பாக்காதத பாத்தேம்பேனா?"

அப்போதுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. சான்று சான்று என்று இத்தனை வருடம் கத்தியவன் நம்பச் சொல்கிறேன்; நம்பிக்கைக்காரர் சான்று கேட்கிறார். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். வயிறு வலிக்கும்வரை இருவரும் சிரித்தோம். அன்று அவர்மேல் வந்த மரியாதை எனக்கு இன்றுவரை குறையவில்லை.

ஒரு மணி நேரத்தில், கீழே சமவெளியில் பிறை பார்த்த செய்தி வந்துவிட்டது. மறுநாள் மருமகன் பக்கத்தில் என்னையும் உட்காரவைத்துப் பாய் பிரியாணி பரிமாறினார்.

பாய் இப்போது மதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்த வருடமும் போன் வந்தது.

"இங்க பாத்தாச்சு சார். அங்க தெரியுதா?"

"ஒரே மூட்டம் பாய். நீங்க சொன்னாச் சரிதான்."

"அதெல்லாம் செல்லாது. வெரசா மாடிக்குப் போங்க. உங்க கண்ணால பாத்துட்டுச் சொல்லுங்க."

போனைக் காதில் வைத்தபடியே படியேறினேன். மறுமுனையில் அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்.