இடப்பக்கம் திரும்பிய தடம்

ஏழு வருஷமாகக் கோப்பை தூர்லாக் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. வடக்கு நார்வேயின் அந்தச் சிற்றூரில் அது லேசுப்பட்ட பெருமை இல்லை. மலையுச்சியில் ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு நோட்டு. பனிச்சறுக்கில் ஏறிப் போய்த் தன் கையாலேயே பெயர் எழுத வேண்டும். ஈஸ்டருக்குள் அதிக நாள் எழுதியவருக்குக் கோப்பை.

தூர்லாக்குக்கு வயது ஐம்பத்தெட்டு. மாடுகளைக் கறந்த கையோடு கிளம்பிவிடுவாள். புதுப்பனியில் முதல் தடம் போடுவது எப்போதும் அவள்தான். முழங்காலளவு பனியை மிதித்து ஏறுவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். ஆனால் உச்சியில் ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றுவிட்டுக் காற்றாய்ச் சறுக்கி இறங்குகிற சுகம் இருக்கிறதே, அதற்காக எதையும் தாங்கலாம்.

இந்த வருஷம்தான் எதிர்வீட்டுக்கு ஹெர்டிஸ் வந்து தொலைத்தாள். ஓஸ்லோவில் பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆற அமரக் காப்பி குடித்துவிட்டு, ஒன்பது மணிக்கு, தூர்லாக் போட்ட தடத்திலேயே சொகுசாக வழுக்கிக்கொண்டு போவாள். ஊரோ, “இந்த வயசுல என்ன லாவகமா போறா பாரு!” என்று அவளைத்தான் மெச்சியது. தூர்லாக்குக்கு வயிறு எரிந்தது.

மார்ச் கடைசியில் இருவர் பெயரும் நோட்டில் தலா அறுபத்தோரு தடவை.

“என் முதுகு ஒடியுது, அவ நோகாம பேரெழுதுறா!” என்று கணவனிடம் கத்தினாள்.

எய்லிஃப் ரொட்டியில் பாலாடைக்கட்டியை வைத்துக்கொண்டே சொன்னான்: “மலை என்ன உன் அப்பன் வீட்டுச் சொத்தா? தடம் போட்டா நாலு பேரு போகத்தான் செய்வாங்க.”

மறுநாள் விடிந்தபோது புதுப்பனி மூடிக் கிடந்தது. தூர்லாக் ஏறினாள். வளைந்த பிர்ச் மரத்தருகே வழக்கமாக வலப்பக்கம் திரும்ப வேண்டும். அவள் இடப்பக்கம் திரும்பினாள். சதுப்பைக் கடந்து, பாறைமேடு வரை தடத்தை அழுத்தமாகப் போட்டாள். அதற்கு மேல் காற்று பனியைக் கல்லாய் இறுக்கி வைத்திருந்தது, தடமே பதியாது. அந்த வழியாகச் சுற்றி உச்சிக்குப் போய், அறுபத்திரண்டாவது முறை பெயர் எழுதினாள். ‘வாடி மகளே, இன்னைக்கு முழி’ என்று சிரித்துக்கொண்டாள்.

அன்று ஹெர்டிஸ் உச்சிக்குப் போகவே இல்லை. மறுநாள் கடையில் அவளைச் சுற்றி ஒரே கூட்டம்.

“அடேயப்பா, என்ன இடம்! காத்தே இல்ல. ஏரி முழுக்கத் தெரியுது. சாயங்காலம் வரைக்கும் வெயில்ல உக்காந்திருந்தேன். தூர்லாக், அது நீ போட்ட தடம்தானே?”

ஆமாம் என்றால், ஏன் அந்தப் பக்கம் போனாய் என்று கேட்பார்கள். தூர்லாக் ஒரு ரொட்டியை எடுத்துக் கூடையில் போட்டாள்.

“எந்தத் தடம்? நான் பள்ளிக்கூடத்துப் பக்கமால்ல ஏறினேன்.”

“அப்ப மான்தான் சறுக்குக் கட்டைய மாட்டிக்கிட்டுப் போயிருக்கும்!” என்றான் கடைக்காரன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஊரே அந்தப் பாறைமேட்டில் நெருப்பு மூட்டி, சாசேஜ் சுட்டு, குழந்தைகளோடு குதூகலித்தது. தூர்லாக் தலைவலி என்று படுத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் கோப்பை அவளுக்குத்தான் கிடைத்தது. நாலு பேர் கை தட்டினார்கள். பிறகு பனிச்சறுக்குச் சங்கத் தலைவர் ஸ்வெர்ரே எழுந்தார்.

“அடுத்த வருஷத்துலேருந்து பெட்டி பாறைமேட்டுலதான். அந்த வழிக்கு ‘ஹெர்டிஸ் தடம்’னு பலகையும் தயார்!”

மண்டபமே அதிர்ந்தது. ஹெர்டிஸ் கூச்சத்தோடு கையசைத்தாள்.

“தூர்லாக், ஊர்ல முதல்ல எழுந்திரிக்கிறவ நீதான்” என்றார் ஸ்வெர்ரே. “பனி விழுந்தா, ஹெர்டிஸ் தடத்தைக் காலையிலேயே மிதிச்சுப் போட்டு வச்சிடுறியா?”

ஊரே அவளைத் திரும்பிப் பார்த்தது.

“போட்டுடுறேன்” என்றாள் தூர்லாக்.