தலைமார்பு திறந்த காலை

கச்சிபௌலி வீட்டில் இன்று காலை ஜன்னல் வலையைத் துடைக்கும்போது, சிலந்தியின் வெற்றுத் தோல் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மர் கயா க்யா, மம்மி?" என்றாள் மகள்.

"இல்லடி, சாகல, சட்டையை உரிச்சுட்டுப் போயிருக்கு" என்று சொல்லும்போதே, சிறுவயதில் நாங்கள் இருந்த குஷாய்குடா குவார்ட்டர்ஸ் சமையலறையின் மண்ணெண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

அப்போது அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பாவும் அங்கேயே இருந்தார். கல்லூரியில் விலங்கியல் படித்த என் சொந்த அக்கா மாலதிதான் எனக்குச் சோறு போட்டாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் அவள் வளர்த்த பெரிய சிலந்தி ஒரு நாள் காலை அசையாமல் தொங்கியது. செத்துவிட்டது என்று கத்தினேன்.

"கத்தாத. சட்டை உரிக்கப் போகுது. தலையும் மார்பும் ஒண்ணா இருக்குல்ல, அதுக்குப் பேர் தலைமார்பு. அதோட மூடிதான் முதல்ல திறக்கும், பாரு."

மூடி திறந்தது. வெளிறிய உடம்பு மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுத் தெலுங்கு ஆண்ட்டி வாசலில் வந்து நின்றாள். எங்களுக்கு ஃபோன் வருவதெல்லாம் அவர்கள் வீட்டுக்குத்தான்.

"மாலதி, அம்மா போயிந்தி" என்றாள்.

அம்மா இறந்துவிட்டாள் என்று எனக்கும் புரிந்தது. அக்கா வாசல்வரை போய்த் தலையாட்டினாள். திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிக் கால் வெளியே வரும்வரை பாட்டிலையே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஆண்ட்டி மட்டும் அழுதாள்.

பிறகு அக்கா கை கழுவிவிட்டு எனக்கு ஜடை பின்னினாள். மற்ற நாளாக இருந்தால் அவள் இழுக்கும் இழுப்புக்கு அலறியிருப்பேன்.

"வலிக்குதாடி?"

"தெரியல" என்றேன்.

"எனக்கும் தெரியல" என்று சொல்லி ரிப்பனைக் கட்டினாள்.