மயில் தலையும் எக்ஸிட் நம்பரும்

சின்னச் சின்ன கமாண்டு எழுதி பொழைக்கறவனுக்கு ஒரே கஷ்டம்தான்: அவன் ப்ரோகிராம் வாய் தொறந்து பேசாது, வேலை முடிஞ்சதும் ஒரு நம்பர வுட்டெறிஞ்சிட்டு போயினே இருக்கும். அந்த நம்பருக்கு பேரு எக்ஸிட் ஸ்டேட்டஸ். கருப்பு ஸ்கிரீன பாத்துக்கினே கண்ணு பூத்துப்போன கூட்டாளிங்களே, உங்களுக்கு இது புதுசில்ல.

நான் இன்ஜினியரிங்க பாதில வுட்டுட்டு காஞ்சிபுரத்துல ஒரு பட்டு சேலை கம்பெனில சேந்தவன். கம்ப்யூட்டர்ல வரைஞ்ச டிசைன சரிபாக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வரிசையா அடுக்கின கமாண்டுங்க. அது ஓகேன்னா பென்டிரைவ்ல ஏத்த இன்னொண்ணு. பென்டிரைவ் நேரா தறி மேல இருந்து டிசைனுக்கு ஏத்த மாதிரி இழைய தூக்கி வுடற ஜக்கார்டு பொட்டிக்கு போவும். முதலாளி சேத்துக்கும்போதே சொல்லிட்டாரு, ஒரே ஒரு தப்பு டிசைன் தறி ஏறிச்சின்னா கூட நான் காலேஜிக்கு திரும்பி போயி அரியர் எழுதணும்னு. எங்க அப்பாவுக்கு இந்த டீலு ரொம்ப புடிச்சிது.

சைபர்னா சந்தோஷம்

மொத நாளு முதலாளி பின்னாடி வந்து நின்னாரு. ஸ்கிரீன்ல சைபர் வந்துச்சி. வேலையே நடக்கலன்னு நெனச்சிட்டாரு. ஒழுங்கா முடியறதுக்கு ஒரே வழி, அதுக்கு சைபர். கெட்டுப்போறதுக்கு பல வழி, அதனால ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர்னு வெளக்கினேன். கொஞ்சம் யோசிச்சாரு.

"எங்க சம்பந்தி மாதிரின்னு சொல்லு. சாப்பாடு நல்லா இருந்தா வாயே தொறக்க மாட்டாரு, உப்பு கொறைஞ்சா ஒம்போது காரணம் சொல்லுவாரு."

தப்பே கெடைக்கல, அதான் தப்பு

டிசைன்ல எங்கியாவது இழை தொங்குமான்னு தேடற ஒரு கமாண்ட சேத்தேன். அன்னிக்கு எங்க டிசைனர் செல்வி அக்கா வரைஞ்ச எதுவும் தேறல. அவங்களும் ஒரே பூவ திருப்பி திருப்பி வரைஞ்சிக்கினு இருந்தாங்க. மத்தியானம்தான் எனக்கு ஒறைச்சிது. தேடற கமாண்டுக்கு ஒண்ணுன்னா "தேடினேன், ஒண்ணும் கெடைக்கல". ரெண்டுன்னாதான் "தேடவே முடியல". அக்காவோட டிசைன் சுத்தமா இருந்ததால ஒண்ணு வந்துக்கினே இருந்துச்சி. சைபர் வரலியேன்னு என் ஸ்கிரிப்டு நிறுத்திக்கினே இருந்துச்சி. அக்காகிட்ட போயி சொன்னேன், அவங்க கேட்டாங்க:

"எல்லா பேப்பரும் கரெக்டா இருக்குதுன்னு வண்டிய ஓரங்கட்டற போலீஸ எங்கருந்துபா புடிச்ச?"

நல்ல நாள்ல ஏன் எரரு

மேனேஜர் வரதண்ணன் சின்ன காஞ்சிபுரத்துக்காரரு. தறில புது பாவு நூலு ஏத்தறதுன்னா நல்ல நேரம் பாக்காம எதையும் தொட மாட்டாரு. அப்படி ஒரு வெள்ளிக்கெழம, ஒரு கல்யாண சேலை. கடைசில ஸ்கிரீன்ல எரரு நின்னா அபசகுனம்னு, நான் டீ குடிக்க போன நேரத்துல, சரிபாக்கற ஸ்கிரிப்டோட கடைசி வரில "நல்லதே நடக்கும்"னு காட்ட சொல்லி சேத்துட்டாரு. என்ன பாத்து பாத்தே கத்துக்கினது. பாசமாத்தான் செஞ்சாரு.

ஆனா ஸ்கிரிப்டு இருக்குதே, அது கடைசியா ஓட்டின கமாண்டோட நம்பரத்தான் தன் நம்பரா வெளிய சொல்லும். பார்டர் மயிலுக்கு எடம் பத்தலன்னு என் செக்கிங் மூணுன்னு கத்துது. அடுத்த வரி நல்லதே நடக்கும்னு சொல்லிட்டு சைபர நீட்டுது. அந்த சைபர நம்பி அடுத்த ஸ்கிரிப்டு டிசைன ஜம்முனு பென்டிரைவ்ல ஏத்திடுச்சி. நாலு வெரல் நெய்ததும் மாகறல்ல இருந்து தறிக்கார சேகரண்ணன் போன் பண்ணாரு.

"தம்பி, மயில் கழுத்து வரைக்கும் வந்துடுச்சி. தலை வேற பென்டிரைவ்ல வருதா?"

யாரு அரியர் எழுதறது

சேகரண்ணன் அங்க இழை இழையா பிரிச்சிக்கினு இருக்காரு. இங்க முதலாளி எங்க ரெண்டு பேரையும் கூப்ட்டாரு. நான் மனசுக்குள்ள ஹால் டிக்கெட்டோட நிக்கறேன். வரதண்ணன் தானா முன்னாடி வந்து, அந்த வரிய போட்டது நான்தான்னு ஒத்துக்கினாரு. அதையே பிள்ளையார் சுழி மாதிரி மொத வரியா மேல போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நான் மெதுவா சொன்னேன். முதலாளி அவர ஏற எறங்க பாத்துட்டு எம்பக்கம் திரும்பினாரு.

"நீ இங்கியே இரு. அரியர் எழுத இவன அனுப்பறேன்."

ஆக கூட்டாளிங்களே, ஸ்கிரிப்டு கடைசியா சொல்றதத்தான் ஊரு நம்புது, அதனால மங்களத்த மட்டும் மொதல்லியே பாடிடுங்க.