மாப்பிள்ளை வாங்கிய அடாப்டர்

என் தங்கை புருஷனை “மாப்பிள்ளை” என்று கூப்பிடும்போது அப்பாவின் குரல் குழையும். என்னைக் கூப்பிடும்போது அந்தக் குழைவை நான் கேட்டதில்லை. கல்யாணமான புதிதில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புது மாப்பிள்ளை, போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

அப்பாவும் அம்மாவும் லகாட்டைத் தாண்டி ஒரு தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள். ரப்பர் மரம் நின்ற கித்தாக் காடாக இருந்த தோட்டம் செம்பனைக்கு மாறியபோது, வேலை செய்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த வீடுகள். நான் ஈப்போவில் ஒரு லாரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி. தங்கையும் அவள் புருஷனும் தெலுக் இந்தானில். அவர் அங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறார். அவர் வருவதற்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் கம்ப்யூட்டர் என்றால் நான்தான். பிரிண்டர் ஓடவில்லையா, கடவுச்சொல் மறந்துவிட்டதா, எனக்குத்தான் போன் வரும். அலுத்துக்கொண்டே போவேன். உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும்.

போன வருஷம் அந்தத் தாமானுக்கு ஃபைபர் லைன் வந்தது. மோடத்தை முன்ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார்கள். அப்பாவின் கம்ப்யூட்டர் இருப்பது சமையலறையை ஒட்டிய பின்னறையில். அந்தக் கம்ப்யூட்டரில் வைஃபை கிடையாது. ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் சித்தப்பாவைப் பெரிய திரையில் பார்த்துப் பேச வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. கைப்பேசியில் முகம் சரியாகத் தெரியவில்லையாம். “யுஎஸ்பி அடாப்டர் ஒண்ணு செருகினா போதும்பா, ஞாயித்துக்கிழமை வாரேன்” என்றேன்.

போனபோது தங்கையின் கார் வாசலில் நின்றது. மாப்பிள்ளை மீன் வாங்கப் பாசாருக்குப் போயிருப்பதாக அம்மா சொன்னாள். நல்லதாய்ப் போயிற்று, அவர் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று பின்னறைக்குப் போய், தூக்க நிலையில் இருந்த கம்ப்யூட்டரை எழுப்பினேன். திரையில் வந்தது நான் பழக்கிவைத்த விண்டோஸ் இல்லை. கீழே வேறு பட்டை, வேறு நிறம், வேறு படங்கள்.

“என்னப்பா இது?”

“மாப்பிள்ளை போன தடவை லினக்ஸ்னு ஒண்ணு போட்டுக் குடுத்தாருப்பா. முன்ன மாதிரி இல்ல, தொட்டதும் தொறந்துக்குது.”

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்பாவுக்காக நான் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அது. தமிழ் எழுத்து வருவதற்காக ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான் வாங்கிவந்திருந்த அடாப்டரைச் செருகினேன். நெட்வொர்க் எதுவும் வரவில்லை. அதற்குப் பதிலாகத் திரையில் சிடி மாதிரி ஒரு படம் வந்தது. அதற்குள்ளே விண்டோஸுக்கான நிறுவல் கோப்பு மட்டும். அடாப்டர்தான் கெட்டுப்போச்சோ என்று பிடுங்கி என் லேப்டாப்பில் செருகிப் பார்த்தேன். அது விண்டோஸ். அடாப்டரை ஓட்டும் மென்பொருளான டிரைவரைத் தானாகவே பிடித்து, வீட்டு வைஃபையின் பெயரைக் காட்டியது. ஆக, பொருளில் குறையில்லை.

“மாப்பிள்ளை வரட்டும்பா. அவசரப்பட்டு ரோசாக் ஆக்கிக் கெடுத்துடாத,” என்றார் அப்பா.

அதன் பிறகு விட முடியுமா? என் கைப்பேசியைக் கேபிளில் கம்ப்யூட்டரோடு இணைத்து, அதன் டேட்டாவை எடுத்துக்கொண்டு தேடினேன். முதலில் அந்த சிடி படத்தை ‘வெளியேற்று’ என்று கொடுக்க வேண்டுமாம். அப்போதுதான் அடாப்டர் தன்னை வைஃபை என்று காட்டிக்கொள்ளும். கொடுத்தேன், காட்டியது. ஆனால் அதற்கு டிரைவர் இல்லை. டிரைவரின் மூல நிரலை இறக்கி, கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக அடித்து, இந்த இயந்திரத்திலேயே உருவாக்க வேண்டியிருந்தது. ஒரு வரி தப்பினால் பக்கம் பக்கமாகப் பிழை. வியர்த்துக் கொட்டியது. அம்மா கொடுத்த தேத்தண்ணி ஆறிப்போனது. ஒருவழியாக முடித்து மறுபடி தொடக்கினால், ஒரு நீலத்திரை வந்து என்னவோ கேட்டது. படித்து முடிப்பதற்குள் போய்விட்டது.

அடுத்து வந்தது எதில் நுழைவது என்று கேட்கும் பட்டியல். முதல் வரியில் லினக்ஸ். அதற்குக் கீழே விண்டோஸ்.

“அப்பா, பழசு இன்னும் இருக்கே?”

“ஆமா. அது மகன் போட்டது, அழிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்லா.”

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால், அவர் அதைத் தொடுவதே இல்லையே என்றுதான் உடனே தோன்றியது.

அப்போது மாப்பிள்ளை மீன் பையோடு உள்ளே வந்தார். கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து திரையைப் பார்த்தார்.

“மச்சான், டிரைவர் வரைக்கும் வந்துட்டீங்களே! அந்த நீலத்திரையில டிரைவருக்கான பாதுகாப்புச் சாவியப் பதியணும், அவ்வளவுதான் பாக்கி. இன்னொரு தடவை பண்ணிடலாம்.”

கிண்டலே இல்லை. இருந்திருந்தால் தேவலை. அதற்குள் தங்கை, “அதான் நீங்களும் ஒண்ணு வாங்கிட்டு வந்தீங்களே, அத போடுங்க” என்று கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினாள். அவர் தயங்கி என்னைப் பார்த்தார். “போடுங்க” என்றேன்.

செருகினார். வைஃபை பட்டியல் வந்தது, கடவுச்சொல் கொடுத்தார், இணைந்தது. லினக்ஸிலேயே டிரைவர் உள்ள சிப்பா என்று கடையில் கேட்டு வாங்கினாராம். நான் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்கியவன்.

அப்பா கை தட்டினார். எழுபது வயது மனிதர், பின்னறையில் நின்று கை தட்டினார்.

அடுத்தது தங்கை கொண்டுவந்திருந்த பழைய மேக் லேப்டாப். அதில் உள்ளேயிருந்த வைஃபை செத்துப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அடாப்டரைச் செருகினோம், அசையவில்லை. என்னுடையதும் அப்படித்தான். அதில் ஏற்றியிருந்த புது மேக் பதிப்புக்கு இரண்டுக்குமே டிரைவர் கிடையாது. மாப்பிள்ளை உதட்டைப் பிதுக்கியதும் எனக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. அதன் ஓரத்தில் நெட்வொர்க் வயருக்குத் துளை இருந்தது. காரில் கிடந்த நீள வயரை எடுத்துவந்து மோடத்திலிருந்து இழுத்தேன். அப்போதும் வரவில்லை. அமைப்புகளைத் திறந்து பார்த்தால், நெட்வொர்க் முகவரியைக் கையால் அடித்துப் பூட்டி வைத்திருந்தது. கல்லூரி நெட்வொர்க்குக்காக எப்போதோ போட்டதாம். அதைத் தானியங்கிக்கு மாற்றினேன். வந்துவிட்டது.

“அட, இது எனக்குத் தோணவே இல்ல மச்சான்” என்றார் மாப்பிள்ளை.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையில் கிடந்த வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்கம்மா தடுக்கி விழுந்திடப் போறா. ஓரமாப் போடுப்பா.”

சாப்பிட்ட பிறகு சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். திரை நிறைய சித்தப்பாவின் முகம். அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, “தெரியுதாடா? நம்ம மாப்பிள்ளை வச்சுக் குடுத்தாரு” என்றார். “மச்சானும் சேர்ந்துதான் செஞ்சாரு மாமா” என்று பின்னாலிருந்து மாப்பிள்ளை சொன்னார். அவர் எனக்காகப் பரிந்து பேசியதுதான் அன்றைக்கு எனக்கு அதிகமாகச் சுட்டது.

வேலை இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். மீன் குழம்பை டப்பாவில் கட்டிக்கொண்டு அம்மா கார் வரைக்கும் வந்தாள். “ஏன்டா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?” என்றாள். தலைவலி என்றேன். அவள் நம்பவில்லை.

போன மாதம் மழையில் கரண்டு போய் வந்ததும் அங்கே நெட் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வகுப்பில் இருந்ததால் அப்பா என்னைக் கூப்பிட்டார். மோடத்தை அணைத்து, கொஞ்ச நேரம் கழித்துப் போடச் சொன்னேன். நிதானமாக, ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் கேட்டுக் கேட்டுச் சொல்லிக் கொடுத்தேன். பாதியில் அப்பா, “இருப்பா, மாப்பிள்ளை கூப்பிடுறாரு” என்று சொல்லி என் அழைப்பை வைத்துவிட்டார்.

அப்புறம் நெட் வந்ததா இல்லையா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் நானே போன் பண்ணித் தெரிந்துகொண்டேன்.